நால்வர் சுமந்த கட்டில்

கப்பர்நாகும் ஊரில் நம் ஆண்டவர் ஒரு வீட்டில் அமர்ந்து போதித்துக்கொண்டிருந்தபோது நடந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். வாசலும் அடைபடும் அளவுக்கு அங்கே மக்கள் கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு தூக்கி வந்தவர்கள், உள்ளே நுழைய வழி காணாது, கூரையைப் பிரித்து அவனை ஆண்டவர் முன்னிலையில் இறக்கினார்கள். குணம் பெற்று எழுந்து நடந்தவனைப் பற்றி எத்தனையோ மறையுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவனைத் தூக்கி வந்தவர்களைப் பற்றிக் கேட்டதுண்டா? புனித மாற்கு அவர்களுடைய பெயரைச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார். அவர்கள் நால்வர்.

ஏன் நால்வர்? கட்டிலுக்கு நான்கு முனைகள் இருப்பதால் என்று சிறு பிள்ளையும் விடை கூறும். ஒருவரே தூக்க முயன்றால் கட்டில் சாயும்; படுத்திருப்பவன் விழுவான்; தூக்கியவனும் அவன்மேல் விழுவான். இவ்வளவு எளிய உண்மையை நம் பங்குகளிலும், நம் தெருக்களிலும், ஏன் நம் சொந்த வீடுகளிலும் நாம் மறந்துவிட்டோமோ என்ற கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. புற்றுநோய் கண்டவரைப் பற்றி இங்கே நான் அதிகம் எழுதப் போவதில்லை. அவர் அருகில் இரவும் பகலும் அமர்ந்திருக்கும் மனைவியைப் பற்றியும், கணவனைப் பற்றியும், மகளைப் பற்றியும், மருமகளைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

நான் கேட்க மறந்த கேள்வி

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், ஏரியை ஒட்டி அமைந்த ஊர் பருத்திப்பட்டு. தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர் சிறுகச் சிறுகச் சேமித்து இப்பகுதியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அத்தகைய குடும்பம் ஒன்றில் தலைவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சை, கரண்டு வைத்தல் என்று நம் மக்கள் கூறும் கதிர்வீச்சு, அதன்பின் கீமோதெரபி என ஒன்றரை ஆண்டுகள் கழிந்தன. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு அவ்வீட்டுக்குச் செல்வது என் வழக்கம். வாசலில் நுழையும்போதே அவருடைய மனைவியிடம், “இன்று அவருக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்பேன். அந்த அம்மையாரும் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, “அப்படியேதான் இருக்கிறார், சாமி” என்பார். மேசையில் வெள்ளைத் துணியும் மெழுகுதிரியும் ஒருநாளும் தவறியதில்லை.

அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலியும் முடிந்தது. மூன்று வாரங்களுக்குப்பின் அந்த அம்மையார் தண்ணீர்க் குடத்தோடு வாசலிலேயே மயங்கி விழுந்தார் என்ற செய்தி வந்தது. அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. கணவர் படுத்ததிலிருந்து தம் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “யாருக்கு நேரம் இருந்தது, சாமி?” என்றார். பிறகு சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “இந்த ஒன்றரை வருஷத்திலே வந்தவங்க எல்லாரும் அவருக்கு எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க. எனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல” என்றார்.

குற்றஞ்சாட்டும் தொனியில் அவர் இதைச் சொல்லவில்லை. ஆயினும் நான் வெட்கித் தலைகுனிந்தேன். பதினெட்டு முதல் வெள்ளிகள் அந்த வாசலைக் கடந்தவன் நான். குருமடத்தில் நோயாளர் மேய்ப்புப் பணி பற்றிப் பாடம் படித்தவன். அந்தக் கேள்வி என் வாயில் வரவே இல்லை.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். குரல் தாழ்ந்து போயிற்று. “ஒரு ராத்திரி அவர் வலியிலே கத்தினப்போ, ஆண்டவரே, இவரைச் சீக்கிரம் எடுத்துக்குங்கன்னு வேண்டிட்டேன். மறு வாரமே போயிட்டார். நான்தானே அவரைக் கொன்னேன், சாமி?” இது பாவசங்கீர்த்தனத்தில் கூறியதன்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூறியது. மற்றவர்களுக்குப் பயன்படுமானால் பெயரின்றி எழுதுங்கள் என்று அவரே அனுமதியும் தந்தார். அவருக்கு நான் கூறிய விடையைச் சற்றுப் பின்னர் எழுதுகிறேன்.

ஒரு தமக்கையின் துயரம்

இத்துயரம் எளியவர்க்கு மட்டும் உரியதன்று. மருத்துவம் கற்றவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். சட்டமன்றம் புகுந்த முதல் பெண்மணி என்றும், பெண்களின் உரிமைக்குப் போராடியவர் என்றும் படிக்கிறார்கள். ஆனால் 1923-ஆம் ஆண்டில் அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தமக்கையாகவும் இருந்தார் என்பதைப் பலர் அறியார். கையில் மருத்துவக் கல்வி இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை தென்னாட்டில் அன்று இல்லை.

அந்தத் துயரம் மருத்துவமனையாக உருவெடுக்க 31 ஆண்டுகள் ஆயின. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பேணி வளர்த்தனர். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிலையமே அவருடைய வாழ்வாக இருந்தது. நம் பகுதியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, நகரின் மறுகோடிக்குச் சென்று, அந்த வாசலில் நின்ற குடும்பங்கள் எத்தனை எத்தனை!

இந்த வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முத்துலட்சுமி அம்மையார் தம் துயரத்தைத் தனியே சுமக்கவில்லை. இந்திய மாதர் சங்கம் அவரோடு நின்றது, மகன் நின்றார், பெயர் தெரியாத கொடையாளர் பலர் நின்றனர். அந்தக் கட்டிலுக்கும் முனைகள் பல இருந்தன. பிடிக்கக் கைகளும் இருந்தன. நம் வீடுகளில் அன்றாடம் நோயாளரைப் பராமரிப்பவர் யாரும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனியே சுமக்கக் கூடாது என்ற பாடம் அவர்களுக்கும் பொருந்தும்.

சுமை எத்தகையது?

ஒருநாளை எண்ணிப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமையலை முடித்து, பிள்ளைகளுக்குச் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்து, தளர்ந்த ஒருவரைக் கைத்தாங்கலாக ஆவடி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மின்ரயிலேறி, அங்கிருந்து பேருந்தேறி, மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை என நின்று, மாலையில் டாக்டர் இரண்டு நிமிடம் கூறியவற்றில் பாதியை மறந்து, இரவில் வீடு சேர்ந்தால், “என்ன சொன்னார்கள்?” என்று கேட்டு உறவினர் பத்துப் பேர் தொலைபேசியில் அழைப்பர். இடையே நோயாளி வாந்தி எடுப்பார். பணத்துக்கு வழி தேட வேண்டும். இது ஒருநாள் கதையன்று. மாதக்கணக்கில் தொடரும் கதை.

இத்தகைய சுமை உள்ளத்தை மட்டுமன்றி உடலையும் அரிக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து வந்த முதியோரை நான்கு ஆண்டுகள் கவனித்தது. பராமரிப்பதோடு அதனால் மன அழுத்தமும் அடைந்தவர்களிடையே, அப்பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் அடையாதவர்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆகவே கேடு செய்வது அன்புப் பணியன்று; துணையின்றி அதைச் செய்வதால் வரும் நெருக்கடிதான்.

பராமரிப்பவர் தளர்ந்துபோகிறார் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. படுத்தாலும் உறக்கம் வராது, பசி இருக்காது. சிறு பிள்ளை கேட்கும் சிறு கேள்விக்கும் சுருக்கென்று கோபம் வரும். தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மறந்து போகும். அக்கம் பக்கத்தாரோடு பேசப் பிடிக்காது. செபிக்க அமர்ந்தால் சொற்கள் வராது. காரணமின்றி அழுகை வரும். அல்லது அழவேண்டிய இடத்திலும் அழுகை வராது. இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்குமானால், அவரும் மருத்துவரிடம் செல்ல வேண்டியவரே. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நான்தானே கொன்றேன் என்றவருக்கு

திண்ணையில் அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் கூறிய விடை இதுதான்: “அம்மா, நீங்கள் அவருடைய சாவை விரும்பவில்லை, அவருடைய வலி முடிய வேண்டுமென்று விரும்பினீர்கள். அந்த வேளையில் வலி முடிய வேறு வழி உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரைக் கொன்றது நோய். உங்கள் செபமன்று.”

சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். உறக்கமற்ற முப்பது இரவுகளுக்குப்பின் களைத்த உள்ளத்தில் எழும் எண்ணத்தில் எந்தச் சம்மதம் இருக்க முடியும்? ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு மன்றாடவில்லையா? லாசரின் சகோதரிகள் இருவரும், நீர் அன்றே இங்கு இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்று அவரிடம் முறையிட்டபோது, அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களோடு சேர்ந்து கண்ணீர் விட்டார்.

நோயாளிமேல் கோபம் வருவதும், இன்னும் எத்தனை நாள் என்று சலிப்பதும், உறங்கும் அவரைப் பார்த்துப் பொறாமை கொள்வதும் பராமரிப்பவர் பலருக்கும் நேர்கின்றன. இவை தம்மிடம் மட்டுமே தோன்றிய கொடிய எண்ணங்கள் என்று கருதி அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாததால் அவை நஞ்சாகின்றன. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். கோபத்தில் கைநீட்டும் நிலை வந்துவிட்டதாக உணர்ந்தால், நோயாளியைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு, உடனே வெளியே வந்து, யாரையேனும் துணைக்கு அழைக்க வேண்டும். உதவி கேட்பது தோல்வியாகாது.

இரண்டு மௌனங்கள்

நோயாளர் வீடுகளில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வாசலிலேயே மனைவி என்னை நிறுத்தி, “சாமி, அவருக்கு இது புற்றுநோய்னு தெரியாது. தயவுசெய்து சொல்லிடாதீங்க” என்பார். உள்ளே சென்றால் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியாது, தாங்க மாட்டாள், சொல்லிடாதீங்க” என்பார். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பதாக எண்ணி, தனித்தனியே அழுகிறார்கள்.

மருத்துவச் சீட்டுகளை ஒளித்து வைப்பதும், டாக்டரிடம் கண்ஜாடை காட்டுவதும், மருந்துப் பெட்டியின் மேலுள்ள பெயரைக் கிழித்தெறிவதும் பராமரிப்பவரின் சுமையை இரட்டிப்பாக்குகின்றன. உண்மையை ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவு, அவர் கேட்கும் வேகத்தில், மருத்துவரின் துணையோடு சொல்லலாம். பெரிய மருத்துவமனைகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அடையாறு நிலையத்தில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. உண்மை வெளிப்பட்டபின் அந்தத் தம்பதியர் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அதன்பின் மகளின் திருமணம் பற்றியும் வீட்டுப் பத்திரம் பற்றியும் அமைதியாகப் பேசி முடிவெடுத்தார்கள்.

வலி தணிய வழியுண்டு

பராமரிப்பவரின் உள்ளத்தை முறிப்பது பெரும்பாலும் நோயாளியின் வலியே. அன்புக்குரியவர் அலறும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை. புற்றுநோய் என்றால் வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். இது பழங்காலத்து எண்ணம். புற்றுநோயாளரின் வலியில் பெரும்பகுதியை முறையான மருந்துகளால் தணிக்க முடியும். கடும் வலிக்கு வாய்வழியே தரப்படும் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. அது அவர்களுக்கு எளிதில் கிடைப்பதற்காகவே 2014-ஆம் ஆண்டில் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் கூறிய அளவில் வலிக்காக உட்கொண்டால் அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் தேவையற்றது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே தருவார்கள்.

லண்டனில் 1967-ஆம் ஆண்டில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி, நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை என்பதை உலகுக்கு எடுத்துரைத்தார். மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவ்வலி. எனவே மருத்துவம் குடும்பத்தையும் சேர்த்தே பேண வேண்டும் என்றார். அவர் காட்டிய வழியில் வளர்ந்ததே வலி தணிப்பு மருத்துவம். சென்னையில் மணலியை அடுத்த மாத்தூரில் உள்ள ஜீவோதயா இல்லம், இறுதிக் கட்டத்தில் உள்ள புற்றுநோயாளரை இலவசமாக ஏற்றுப் பேணுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வலி தணிப்புச் சேவை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

எலியாவுக்குக் கிடைத்த அப்பம்

பராமரிக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு சொல். எலியா இறைவாக்கினர் ஒருமுறை களைத்துச் சோர்ந்து, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்து, தமக்குச் சாவு வரட்டும் என்று வேண்டினார். இறைவன் என்ன செய்தார்? உபதேசம் செய்தாரா? இல்லை. முதலில் அவரை உறங்க விட்டார். பின்னர் தூதர் வந்து எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். உண்டபின் எலியா மீண்டும் உறங்கினார். மறுபடியும் தூதர் எழுப்பி உண்ணச் செய்தார். நடக்க வேண்டிய தொலைவு அதிகம் என்பதை இறைவன் அறிவார். ஆகவே நீங்கள் உண்பதும் உறங்குவதும் தன்னலமல்ல, கடமையே.

உங்கள் மாத்திரையையும் நோயாளியின் மாத்திரையையும் ஒரே வேளையில் எடுத்து வையுங்கள். அவர் உண்ணும்போது நீங்களும் உண்ணுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு மருந்தின் பெயர், வேளை, காய்ச்சல் அளவு, டாக்டரிடம் கேட்க வேண்டியவை ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுதியதை மனம் சுமக்க வேண்டியதில்லை. கீமோதெரபிக்குப் பின் 100.4 டிகிரி அல்லது அதற்குமேல் காய்ச்சல் கண்டால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வோர் இருமலுக்கும் நெஞ்சு பதறாது. விசாரிக்க வரும் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பை உறவினர் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். நம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் திறக்கப்பட்ட பசுமைப் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. ஏரியையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டு கையில் செபமாலையோடு நடந்து வந்தால், நெஞ்சின் இறுக்கம் சற்றே தளரும். செபிக்கச் சொற்கள் வராவிடில் கவலை வேண்டாம். நோயாளியின் காலைத் துடைத்துவிடும் அந்தக் கைகளே செபிக்கின்றன. நோயாளியை விட்டு வர இயலாததால் ஞாயிறு திருப்பலி தவறினால் அது பாவமாகாது. தகுந்த காரணமுள்ளவரைத் திருச்சபை அக்கடமையினின்று விலக்குகிறது. பங்குக்குச் சொல்லி அனுப்புங்கள்; நற்கருணை வீட்டுக்கு வரும், உங்களுக்கும் சேர்த்தே.

நாம் பிடிக்க வேண்டிய நான்கு முனைகள்

இனி மற்றவர்க்குக் கூற வேண்டியது. கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டில் மருத்துவர் சிலர் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினர். பின்னர் 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலப்புரம் மாவட்டத்தில் சாதாரண மக்களே, கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் இல்லத்தரசியரும், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று, தங்கள் தெருவிலுள்ள நோயாளர் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். அது கேரளமெங்கும் பரவி, 2008-இல் அம்மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் கூடிச் செய்யும் அப்பணியை, அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் உள்ள நம் பங்குகள் செய்ய இயலாதா?

முதல் முனை, நேரம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகே அமர்ந்து, பராமரிப்பவரை உறங்கவோ கடைக்குப் போகவோ விடுவது.

இரண்டாம் முனை, வழித்துணை. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் சென்று, ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் நோயாளியோடு அமர்வது. டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்வது.

மூன்றாம் முனை, அடுப்படி. “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. களைத்தவருக்குக் கேட்கவும் தெம்பிராது. “செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும், பிள்ளைகளை நாங்கள் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறோம்” என்று சொல்லுங்கள்.

நான்காம் முனை, பணமும் காகிதமும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பெற வேண்டும். வெளியூர் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. தாலியை அடகு வைத்த பின்னரே பலருக்கு இவை தெரியவருகின்றன. அலுவலகப் படிகளை ஏறத் தெரிந்த ஓர் இளைஞர் உடன் சென்றால், அதுவே பெரிய தருமம்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் உள்ள பிள்ளைகளே, நீங்கள் அனுப்பும் பணம் மதிப்புள்ளது. ஆனால் பெற்றோரைக் கவனிக்கும் உங்கள் அக்காளோ, தம்பி மனைவியோ, பணத்தோடு சேர்த்து உங்கள் விடுமுறையில் பத்து நாட்களையும் எதிர்பார்க்கிறார். வந்திறங்கியதும், “ஏன் வேறு ஆஸ்பத்திரியில் காட்டவில்லை?” என்று கேட்டு அவர் நெஞ்சைப் புண்படுத்தாதீர்கள்.

நோயாளியைப் பார்க்கச் செல்வோர் சிறிது நேரமே இருங்கள். தெரிந்தவர் ஒருவர் இதே நோயால் இறந்த கதையையும், இலைச்சாறு மருந்துகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். புற்றுநோய் தொற்றுநோயன்று; அவ்வீட்டில் ஒரு குவளை காப்பி வாங்கிக் குடியுங்கள். அது ஆயிரம் ஆறுதல் மொழிகளுக்கு ஈடாகும். கடவுளின் சித்தம் என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களே சொல்லும்போது ஆமென் என்று சேர்ந்து சொல்லலாம்.

குருவை அழைக்கத் தயங்க வேண்டாம்

முன்னாளில் அவஸ்தைப் பூசுதல் என்று அழைத்ததாலோ என்னவோ, குருவானவர் எண்ணெயோடு வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று நோயாளி அஞ்சுவார் எனக் குடும்பத்தார் தயங்குகின்றனர். கடைசி மூச்சில் ஓடி வந்து அழைத்து, நேரத்துக்குக் குரு கிடைக்காமற்போனால், அந்தக் குற்ற உணர்வையும் பராமரித்தவரே ஆயுள் முழுதும் சுமக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே, இது சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்று தெளிவாக்கியது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972-இல் சடங்கையும் புதுப்பித்தார். நோயில் பூசுதல் என்பதே அதன் பெயர். கடும் நோய் என்று அறிந்தவுடனே, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அழையுங்கள். குடும்பம் முழுதும் சுற்றி நின்று செபிக்கும் அவ்வேளையில் பராமரிப்பவரின் தலைமேலும் கைவைத்து ஆசீர் அளிக்க நான் இப்போது தவறுவதில்லை.

அடக்கம் முடிந்ததும் நம் பணி முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. ஒன்றரை ஆண்டுகள் மருந்து வேளையைக் கணக்கிட்டு வாழ்ந்தவருக்குத் திடீரென்று கடிகாரத்தில் வேலையில்லாமற்போகிறது. நள்ளிரவில் கூப்பிட்ட குரல் கேட்டாற்போல் விழித்தெழுகிறார். முப்பதாம் நாளுக்குப்பின் வீடு வெறிச்சோடுகிறது. அப்போதுதான் நாம் செல்ல வேண்டும். அப்போதுதான் நான் செல்லத் தவறினேன்.

அந்த அம்மையார் இன்று நலமாக இருக்கிறார். மாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்கிறார். வியாழக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு, இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு வீட்டுக்குச் செல்கிறார். அங்கே மார்பகப் புற்றுநோயுள்ள ஒரு தாயை மருமகள் பராமரிக்கிறாள். இவர் போய் அமர்ந்ததும் அவள் உள்ளறைக்குச் சென்று ஐந்து மணி வரை உறங்குகிறாள். முதல் நாள் இவர் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்டார் என்று நான் வினவினேன். “நீ சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன், சாமி. அழுதுட்டா” என்றார்.

உங்கள் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று இருக்கும். இவ்வாரமே சென்று கதவைத் தட்டுங்கள். கட்டிலின் ஒரு முனை உங்களுக்காகக் காத்திருக்கிறது.